செல்லக்கனியின் முட்டைச் சேர்

வெயில் வாசலுக்கு வந்ததும் செல்லக்கனி இரண்டு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கொட்டகைக்கு வெளியே போடுகிறாள். பக்கத்தில் சாக்கு விரித்து மோர்மிளகாய். பட்டாசுக் கம்பெனி வேனைத் தவறவிட்டு பஸ்ஸுக்கு நடக்கிற யாராவது கால் வலித்து அந்தப் பக்கம் ஒதுங்கினால், ஆள் வருவதற்கு முன்னால் உள்ளிருந்து குரல் வந்துவிடும்.

“அண்ணே, அது உக்காரதுக்கு இல்ல. காயப் போட்டிருக்கேன்.”

மத்தியானம் ஒருமுறை வந்து, மிளகாயைக் கிளறிவிட்டு, நாற்காலிகளையும் புரட்டிப் போடுவாள். நான்கு கால்களும் ஆகாயம் பார்க்க அவை மல்லாந்து கிடக்கும். அமரும் இடத்துக்குள் திணித்திருப்பது காகிதம். ஈரம் ஏறினால் பூச்சி வைத்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

தாயில்பட்டியில் ரோட்டை ஒட்டி ஒரு பழைய தீப்பெட்டிக் கொட்டகை. அதில்தான் அவளுடைய வாடகைக் கடை. பந்தல் துணி, பாய், அண்டா, கரண்டி, பிளாஸ்டிக் நாற்காலி, குழல்விளக்கு என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டியது எல்லாம் அங்கே உண்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் தவிர. பெயர்ப்பலகையில் இருப்பது அவள் புருஷன் ஊர்க்காவலன் பெயர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அது “கனியக்கா கடை”. அண்டாவின் கழுத்திலும் கரண்டியின் காம்பிலும் அடையாளத்துக்கு எழுத்து வெட்டியிருக்கும். இந்த இரண்டு நாற்காலிகளில் மட்டும் எதுவும் எழுதியதில்லை. “இது எந்த ஊருல கெடந்தாலும் யாரு வீட்டுதுன்னு சொல்லிருவாக” என்பாள்.

அது உண்மைதான். முதுகு சாய்கிற இடம் நிமிர்த்தி வைத்த முட்டையின் வடிவம். அதைச் சுற்றி மணிமணியாகச் செதுக்கிய மரச்சட்டம். உச்சியில் ரிப்பனை முடிந்துவிட்டது போல ஒரு மரமுடிச்சு. கைப்பிடிகள் முன்னால் வந்து சுருண்டு நிற்கும். முழங்கை படுகிற இடத்தில் சின்னதாக ஒரு மெத்தை. கால்கள் உருண்டையானவை. மேலிருந்து கீழ்வரை வரிவரியாகக் குடைந்து, போகப்போக மெலிந்து, பம்பரம் போலத் தரையில் நுனி ஊன்றும். கால் மேலே சட்டத்தோடு சேருகிற சதுரத்தில் காலுக்கொரு பூ. அது சாமந்தி என்பது செல்லக்கனியின் முடிவு. ஒரு கைப்பிடி உடைந்து ஒட்டுப்போட்டது ஆம்பளச் சேர். ஒரு சாமந்தி உதிர்ந்துபோனது பொம்பளச் சேர். இரண்டும் சேர்ந்தால் முட்டைச் சேர். அப்படித்தான் ஏழாயிரம்பண்ணை வரைக்கும் பெயர்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் விருதுநகரில் ஒரு பஞ்சு வியாபாரியின் வீடு பாகம் பிரிந்தது. அந்தக் காலத்தில் புதுச்சேரியை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான் ஏலத்தில் பெரியவர் எடுத்துவந்த நாற்காலிகள் இவை என்று அந்த வீட்டில் சொன்னார்கள். அண்ணன் தம்பி நான்கு பேர். நாற்காலி இரண்டு. பிரித்தால் சோடி கெடும், ஒருவர் எடுத்தால் மற்றவர் முகம் கெடும். இதற்காக ஒரு சண்டையா என்று நான்கு பேரும் சேர்ந்து, சாமான் ஏற்ற வந்திருந்த ஊர்க்காவலனிடம், “நீயே கொண்டு போயிருப்பா” என்று சொல்லிவிட்டார்கள். அவன் வண்டியில் கட்டிக்கொண்டு தாயில்பட்டிக்கு வந்து இறக்கியபோது செல்லக்கனி புதுப்பெண். வாசலில் நின்று பார்த்தவள் முதலில் கேட்டது, “சப்பரத்துச் சாமானயா தூக்கிட்டு வந்துட்டீரு?”

இரண்டு நாள் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தாள். அமரும் இடத்தைப் பிரித்து உள்ளே இருந்ததைப் பிடுங்கிப் பார்த்தாள். ஏதோ மிருகத்தின் முடி. மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுக் கொளுத்தினாள். சிவகாசியில் காலண்டர் வெட்டும்போது விழுகிற ஓரத்துண்டுகளை ஒரு மூட்டை வாங்கிவந்து திணித்து, மேலே சிவப்புத் துணி தைத்தாள். ஊர்க்காவலன் தன் பங்குக்கு, பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்த ஒருவனிடம் அலுமினியப் பவுடர் கேட்டு வாங்கி, வார்னிஷில் குழைத்து, மங்கிப்போன தங்க நிறத்தின் மேலே பளபளவென்று வெள்ளி அடித்துவிட்டான்.

அதுவரை அந்த ஊர்களில் கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் பள்ளிக்கூடத்து இரும்பு மடக்கு நாற்காலியில், மேலே ஒரு போர்வையை விரித்து உட்கார்ந்தார்கள். படமெடுக்கிறவர் போர்வையை இழுத்துவிடச் சொல்லிக்கொண்டே இருப்பார். முட்டைச் சேர் வந்த பிறகு அதெல்லாம் போயிற்று. பட்டாசுக்குக் குழாய் சுற்றுகிறவர்களும் திரி வெட்டுகிறவர்களும் மருந்து செலுத்துகிறவர்களும், கையில் ஏறிய சாம்பல் நிறம் போக மஞ்சளும் புளியும் தேய்த்துக் குளித்து, ஒரு முகூர்த்த நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகள் ஓய்ந்து தை பிறந்தால் அந்தச் சோடி கொட்டகைக்குள்ளேயே இருக்காது. இன்றைக்குப் பனையடிப்பட்டி, நாளைக்கு வெற்றிலையூரணி என்று ஊர் ஊராகப் போகும். நாற்காலி கிடைக்கிற நாளைப் பார்த்து முகூர்த்தம் குறித்தவர்களும் உண்டு.

நாற்காலி போன இடமெல்லாம் செல்லக்கனியும் போனாள். ஊர்க்காவலன் வண்டியை ஓட்ட, அவள் பின்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழைய சேலை சுற்றிய நாற்காலிக் கால்களைப் பிடித்துக்கொண்டு வருவாள். ரவிக்கையில் நூல் கோத்த ஊசி குத்தியிருக்கும். துணி எங்கே பிரிந்தாலும் அங்கேயே உட்கார்ந்து தைத்துவிடுவாள். கல்யாணம் நடக்கும்போது மேடைக்குக் கீழே தூணோரம் நின்று, சோடி உட்காருகிற விதத்தைப் பார்த்துப் பக்கத்துப் பெண்களிடம் சோசியம் சொல்லுவாள்.

“உக்காந்ததும் சாயுதான் பாரு, இவன் சோத்துக்குத்தான் எந்திரிப்பான்.”

“இவ ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கா. மாமியாக்காரி கண்ணுலயே இருக்கா போல.”

காகிதம் திணித்ததால் கொஞ்சம் அசைந்தாலும் நாற்காலி சரசரவென்று சத்தம் போடும். பெண் வெட்கத்தில் நெளிந்தால் முதல் வரிசைக்கே கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்த சோடிகள்தான் அதிகம். அதனால் அந்த வட்டாரத்துக் கல்யாணப் படங்களில் எல்லாரும் எதையோ உற்றுக் கேட்பவர்கள் போலவே இருப்பார்கள். தலையைச் சுற்றி வெள்ளி முட்டை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். பழைய பிரெஞ்சு நாற்காலிகளைத் தேடித்தேடிப் படம்பிடித்து எழுதுகிறவர். விருதுநகர் வீட்டில் விசாரித்து, கேட்டுக் கேட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தவர், முட்டைச் சேரைப் பார்த்ததும் வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தார். சட்டத்தில் நாற்காலி செய்தவன் முத்திரையாகக் குத்தியிருந்த எழுத்துக்களைத் தடவிப் பார்த்தார். எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பிறகு மேலே பார்த்தார்.

“இதுக்கு யாரு வெள்ளி அடிச்சது?”

“நாந்தேன்” என்றான் ஊர்க்காவலன், நெஞ்சை நிமிர்த்தி. “ரெண்டு கோட்டிங்கு.”

“உள்ள குதிரை முடி இருந்திருக்குமே?”

“அது குதிரையாய்யா? கொளுத்திட்டேன். நாத்தம் தாங்கல” என்றாள் செல்லக்கனி.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். டீ குடித்தார். நாற்காலியை விலைக்கெல்லாம் கேட்கவில்லை. புழக்கத்தில் இருக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றார். போகிற நேரத்தில், பதினாறாம் லூயி என்ற ராஜா காலத்துப் பாணி இது, கோணல்மாணல் இல்லாமல் நேர்கோடும் வட்டமுமாகச் செய்வது அப்போது புதுசு என்று விளக்கினார். அந்த ராஜாவைச் சனங்களே பிடித்துத் தலையை வெட்டிவிட்டார்கள், அதோடு இந்த மாதிரி நாற்காலி செய்வதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று என்றும் சொன்னார்.

செல்லக்கனிக்குக் குதிரை முடி மட்டும் மனதில் நின்றது. ஊர்க்காவலனுக்கு ராஜாவின் தலை. அவன் வாயில் விழுந்த சேதி அவன் வண்டிக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேரும். டீக்கடையில் அன்று சாயங்காலமே, “நம்ம முட்டைச் சேரு என்ன சேருன்னு தெரியுமாலே? தலை போன ராசா சேரு!” என்று ஆரம்பித்தான். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். சில நாள் அது பெருமையாகவே ஓடியது.

அடுத்த வருஷம் சீசன் உச்சத்தில், பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றில் மருந்து ரூம் வெடித்துப் போயிற்று. செத்தவர்களில் அநேகம் பேர் சுற்றுவட்டாரம். செல்லக்கனியை அக்கா என்று கூப்பிடும் சின்னச்சாமியும் அதில் ஒருவர்.

இரங்கல் பிளக்ஸ் வைக்கப் படம் வேண்டும். செல்போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கினால் முகம் உடைந்து கட்டம்கட்டமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வீடு இருந்த ஒரே நல்ல படம் கல்யாண ஆல்பத்தில். எல்லாரும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ சோணைமுத்துவிடம் போனார்கள். அவன் பக்கத்தில் இருக்கிறவரை நீக்கி, கழுத்துக்குக் கீழே வெட்டி, வரிசையாக அடுக்கினான். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் ஏறியது. நாற்பதிலும் ஐம்பதிலும் செத்தவர்கள் இருபத்திரண்டு வயதில், நெற்றியில் பட்டம் கட்டி, மீசையை முறுக்கி, கண்ணில் மை எழுதி இருந்தார்கள். ஒவ்வொருவர் தலையைச் சுற்றியும் அதே வெள்ளி முட்டை, அதே ரிப்பன் முடிச்சு. ஒரே நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து எழுந்தவர்கள் போல.

சனங்கள் அதன் முன்னால் நின்று அழுதார்கள். பிறகு நிமிர்ந்து பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: “எல்லாம் முட்டைச் சேருல்ல.”

அதற்கப்புறம் ஊர்க்காவலனின் ராஜாக் கதை வேறு கதையாகத் திரும்பி வந்தது. தலை போன ராசா சேரு, தலை கேக்குது. தைக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, நாற்காலியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அண்டாவும் பாயும் போதும்க்கா” என்றார்கள். செல்லக்கனி விட்டாளா? கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் மல்லுக்கு நின்றாள்.

“போன மாசம் அங்கன ஒரு ரூமு போயிச்சே, அவுக எந்தச் சேருல உக்காந்தாக? பிளாஸ்டிக்குச் சேருலதான? அப்ப இந்தா, பிளாஸ்டிக்குச் சேரு அம்புட்டையும் கொளுத்துவோமா?”

எதிரே இருப்பவர் தலையைச் சொறிந்துகொண்டு பாயை எண்ணி எடுத்துக்கொண்டு போவார். வேறு வழியில்லாமல் மதுரையிலிருந்து ஒரு மகாராஜா சோபா வாங்கினாள். ஃபைபரில் வார்த்து, தங்க வர்ணம் அடித்து, ஆளுயர முதுகோடு இருப்பது. அதன் உச்சியிலும் ரிப்பன் முடிச்சுப் போலவே ஏதோ ஒன்று இருக்கிறது. இப்போது எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான் போகிறது. செல்லக்கனி கூடப் போவதில்லை. “அதுக்கு என்ன காவலு? உருட்டிவிட்டாலும் ஒண்ணும் ஆவாது.”

ஊர்க்காவலனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அந்த பிளக்ஸைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, பின்னால் ஊரோடு மல்லுக்கு நின்ற அதே செல்லக்கனி, கொட்டகைக்குள் போய் முட்டைச் சேர் இரண்டையும் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். வெயிலுக்குக் கொண்டுவரும்போதுகூட முட்டை ரோட்டைப் பார்க்காதபடிதான் வைக்கிறாள். அவன் ஒருநாள் கேட்டுவிட்டான்.

“ஊருக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சா?”

“நீரு பேசின பேச்சுக்குத்தான் நான் இங்கன காஞ்சுக்கிட்டு இருக்கேன். போரும், வண்டியத் தொடையும்.”

இந்தத் தை பிறக்குமுன் ஒருநாள் சின்னச்சாமியின் மகள் பாண்டிமீனா வந்தாள். நர்சிங் படித்துவிட்டு சிவகாசியில் வேலை பார்க்கிற பெண். வந்ததும் நேரே காய்ந்துகொண்டிருந்த நாற்காலியிடம் போய், அதைச் சுற்றி முன்பக்கம் வந்து நின்றாள். செல்லக்கனி உள்ளிருந்தே பார்த்தாள். வழக்கமான குரலைக் கொடுக்கவில்லை.

“அத்தே, எனக்குக் கல்யாணம் வச்சிருக்கு.”

“கேள்விப்பட்டேன்டி. மாப்பிள்ள ஆப்செட்டு பிரஸ்ஸுல மிசினு ஓட்டுறானாமே. சோபா நான் சும்மா தாரேன், நீ ஒண்ணும் தர வேணாம். எங்க வீட்டுப் பிள்ள நீ.”

“சோபா வேணாம் அத்தே. இந்தச் சேரு வேணும்.”

செல்லக்கனி வெளியே வந்து மிளகாயைக் கிளறினாள்.

“எங்க அப்பாவும் அம்மாவும் சேந்து இருக்க படம் வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான். இந்தச் சேருல உக்காந்து எடுத்தது. அதுக்கப்புறம் எந்தப் படத்துலயாவது அப்பா இருந்தா அம்மா எடுத்திருக்கும், அம்மா இருந்தா அப்பா எடுத்திருக்கும்.” அவள் ஒட்டுப்போட்ட கைப்பிடியைத் தொட்டாள். “இதுலதான் அப்பா உக்காந்திருந்தாக. நான் இதுலயே உக்காந்துக்கிறேன்.”

“அது ஆம்பளச் சேருடி.”

“இருக்கட்டும்.”

“மாப்பிள்ள வீட்டுல ஒத்துக்க மாட்டாக.”

“அவருகிட்டச் சொல்லிட்டேன். சேருதான, உக்காருவோம்னாரு.”

“தர மாட்டேன்.”

பாண்டிமீனா திரும்பிப் பார்த்தாள். “அத்தே, நீங்களா இப்படிச் சொல்லுதீக? ஊருல அம்புட்டுப் பேருகிட்டயும் நீங்கதான சண்டைக்குப் போறீக?”

“நான் ஆயிரம் சொல்லுவேன். உனக்குத் தர மாட்டேன். போ, வெயிலு ஏறுது.”

மறுநாள் அவள் அம்மா அழகுமீனா வந்தாள். செல்லக்கனி எதிர்பார்த்துத்தான் இருந்தாள். பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள். மகளுக்குப் புத்தி சொல்லும்படி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, “நான் முடியாதுன்னு சொல்லிட்டேன், நீ கவலைப்படாத” என்றாள்.

“நீங்க குடுக்கணும்னு கேக்க வந்தேன்க்கா.”

“நீயுமா?”

“நான் சொல்லுதத நெனச்சுப் பாருங்க. அந்த ரூமுல எம்புட்டுப் பேரு இருக்கணும், அன்னைக்கு எம்புட்டுப் பேரு இருந்தாகன்னு ஊருக்கே தெரியும். காலங்காத்தால முடிக்க வேண்டிய வேலைய உச்சி வெயில்ல செய்யச் சொன்னாகன்னும் தெரியும். அத வாயத் தொறந்து சொன்னா நாளைக்கு வேன்ல ஏத்த மாட்டாக. அதான் சேரு மேல சொல்லுதாக. சேரு திருப்பிப் பேசாதுல்ல.”

செல்லக்கனி தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“நானும்தான உக்காந்தேன், அந்தப் பக்கத்துச் சேருல. நான் இருக்கேன்ல?”

“நீ இருக்கத நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் செல்லக்கனி. அழகுமீனாவின் முன்தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. ரூம் வெடித்ததற்கு முந்தின தையில் அதில் ஒரு வெள்ளை முடிகூட இல்லை.

அழகுமீனா திடீரென்று சிரித்தாள்.

“எங்க கல்யாணத்தன்னைக்கு அவுக காதுல ஒண்ணு சொன்னாக. ‘அசையாத, உன் சேரு என்னைய விட அதிகமாப் பேசுது’ன்னு. நான் சிரிப்ப அடக்க முடியாம அசைஞ்சு, சரசரன்னு கேட்டு, எங்க மாமா திரும்பிப் பாத்து மொறச்சாரு.”

சொல்லிவிட்டு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, வேன் வருகிற நேரம் என்று கிளம்பிப் போனாள். அவள் இன்னும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறாள்.

அன்றைக்கு ஊர்க்காவலன் சாப்பிட்டுவிட்டு வெளியே கட்டிலில் சாய்ந்திருந்தான். உள்ளேயிருந்து செல்லக்கனி கேட்டாள்.

“பெயிண்டு இருக்கா?”

“எது, சில்வரா?”

“பின்ன தங்கமா வச்சிருக்கீரு?”

அவன் எழுந்து உட்கார்ந்தான். வேறெதுவும் கேட்கவில்லை. அப்படி ஒன்றும் கேட்காமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் ஏழாயிரம்பண்ணையில் ஒரு மண்டபத்தில். ஊர்க்காவலன் வண்டி வந்து நின்றது. செல்லக்கனி பின்பக்கத்திலிருந்து இறங்கி, நாற்காலிகளில் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்தாள். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வகையில் ஒரு பெரியவர் முன்னால் வந்தார்.

“இது அந்தச் சேருல்ல?”

“அந்தச் சேருதான். உங்க மகன் கல்யாணத்துக்கும் வந்திச்சு. அன்னைக்கு, இன்னொரு நா வச்சிருந்துட்டு அனுப்புதேன்னு கேட்டீகளே, மறந்துபோச்சா?”

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. கை கொடுக்கவும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகவே மேடைக்குத் தூக்கிப்போனார்கள்.

தாலி கட்டி முடிந்து, சோடி வந்து உட்கார்ந்தது. பாண்டிமீனா ஒட்டுப்போட்ட கைப்பிடி நாற்காலியில். மாப்பிள்ளை செல்வக்குமார் சாமந்தி உதிர்ந்ததில்.

“ஏய், மாப்பிள்ள பொம்பளச் சேருல!” என்று யாரோ கத்த, பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. செல்வக்குமார் நன்றாக ஒருமுறை அசைந்து உட்கார்ந்தான். சரசரவென்றது. இன்னொருமுறை அசைந்தான்.

“உள்ள என்ன, காலண்டர் கட்டிங்கா? எங்க பிரஸ்ஸு சத்தம் மாதிரியே இருக்கு. லீவு போட்டும் விட மாட்டேங்குறாக.”

பாண்டிமீனா சிரித்தாள். அவளுடைய நாற்காலியும் சரசரத்தது. முன்வரிசையில் இருந்த அழகுமீனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லக்கனி தூணோரம் தன் பழைய இடத்தில் நின்றாள். இந்தச் சோடிக்கு என்ன சோசியம் என்று பக்கத்தில் ஒருத்தி கேட்டாள். “சும்மா இருடி” என்றாள்.

படம் எடுக்க வந்தவன் சோணைமுத்துதான். இப்போதெல்லாம் அவன் எடுப்பது மண்டபத்து ஓரத்தில் வைத்த பெரிய டிவியில் அப்போதைக்கப்போதே தெரியும். அவன் விளக்கைத் திருப்பினான். எட்டி நின்று பார்த்தான்.

“பொண்ணு, கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கம்மா. நேரா. அப்படித்தான்.”

பாண்டிமீனா சாய்ந்தாள். சோணைமுத்து பக்கத்தில் இழுத்துக் காட்டினான். டிவி முழுக்க அவள் முகம் வந்தது. அப்பாவின் அதே அகன்ற நெற்றி, அதே மேடிட்ட கன்னம். புதிதாக அடித்த வெள்ளி விளக்கில் ஜொலித்து, பஸ் நிறுத்தத்து பிளக்ஸில் இருந்தது போலவே முட்டை அவள் தலையைச் சுற்றி இடைவெளியில்லாமல் மூடிக்கொண்டது.

செல்லக்கனி தூணை விட்டாள். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். பரிசு கொடுக்க நின்றவர்கள் வழிவிட்டார்கள். துணி எங்கேயோ பிரிந்துவிட்டது, தைக்கப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். மல்லிகைப்பூ நிறைந்த சடைக்கும் சிவப்புத் துணிக்கும் நடுவில் வலது கையை நுழைத்து, ஐந்து விரலையும் அகல விரித்து வைத்தாள்.

“அக்கா” என்றான் சோணைமுத்து, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “கை படத்துல விழுது.”

“விழட்டும்லே.”

“படம் கெட்டுப்போவும்க்கா. எப்படி வெட்டுனாலும் உங்க கைதான் தெரியும்.”

பாண்டிமீனா திரும்பிப் பார்க்கவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்து, பூவும் சடையுமாக அந்தக் கையின் மேல் முழுப் பாரத்தையும் வைத்தாள். செல்லக்கனி விரல்களை நகர்த்தி, முட்டையின் விளிம்பு மறைகிற மட்டும் விரித்துக்கொண்டாள்.

“எடு” என்றாள்.